திரும்பிப் போனவர்கள் நோட்டு

"ஹலோ... யாருங்க அது? எதுக்கு போட்டோ எடுக்கிறீங்க?"

மழைச் சத்தத்தையும் மீறி வந்த அந்தக் குரலில் அவன் கையிலிருந்த போன் நழுவியது. நல்லவேளை, தரையில் விழாமல் பிடித்துக்கொண்டான். திரும்பிப் பார்த்தான். தெருவின் எதிர்ப்பக்கம், ஒரு தையல் கடையின் தகரச் சார்ப்புக்குக் கீழே, கழுத்தில் அளவு நாடா தொங்க, கையில் கத்தரிக்கோலோடு ஒருத்தி நின்றிருந்தாள். கத்தரிக்கோல் பெரியது. கண்கள் அதைவிடப் பெரியவை... இரண்டில் எது கூர்மை என்று அந்த நிமிஷம் யாராவது கேட்டிருந்தால் அவன் திணறியிருப்பான்.

"போர்டைத்தாங்க எடுத்தேன்..."

"அதைத்தான் கேக்கிறேன். ஆஸ்பத்திரி போர்டை எதுக்கு எடுக்கணும்? காய்ச்சல்காரன்னா உள்ள போவான். வெளியில நின்னு போட்டோ எடுக்க மாட்டான்."

மழை சடசடவென்று வலுத்தது. அவனிடம் குடை இல்லை. அந்தத் தெருவில் ஒதுங்க இருந்த ஒரே இடம் அவளுடைய சார்ப்புதான். வேறு வழியில்லாமல் ஓடி வந்தான். ஓடி வரும்போதே, கத்தரிக்கோலைக் கீழே வைக்கிறாளா என்று பார்த்துக்கொண்டே வந்தான். வைக்கவில்லை.

"வாடகைக்கு வீடு பார்க்க வந்தேன்" என்றான், முகத்தைத் துடைத்தபடி.

"வீடு பார்க்க வந்தவரு ஆஸ்பத்திரியைப் பார்க்கிறீங்க?"

"பக்கத்துல ஆஸ்பத்திரி இருக்கான்னு தெரிஞ்சுக்கணும் இல்லீங்களா... வயசான காலத்துல உதவும்."

"இப்ப என்ன வயசு?"

"முப்பத்தொண்ணு."

"அப்ப அவசரம் ஒண்ணும் இல்லை. மழை விட்டதும் கிளம்பலாம்."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை. நனைந்த தலைமுடி நெற்றியில் ஒட்டியிருக்க, கன்னத்தில் குழி விழ அவன் சிரித்ததை அவள் பார்க்கவே இல்லை என்று நினைத்துக்கொண்டாள். குழி இடது கன்னத்தில் மட்டும்தான் விழுந்தது என்பதுவரை தெரிந்திருந்தது, அது வேறு விஷயம்.

கடைக்குள்ளே தடதடத்துக்கொண்டிருந்த, துணி ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மெஷின் நின்றது. "யாருடி அது?" என்று அம்மாவின் குரல் வந்தது. பாதி வார்த்தை, பாதி இரைப்பு.

"மழைக்கு ஒதுங்கினவரும்மா."

"நனைஞ்சிருக்கானா? பிளாஸ்க்குல டீ இருக்கு, ஊத்திக் குடு."

"வேண்டாங்க" என்றான் அவன் அவசரமாக.

"சர்க்கரை போடாம தரவா?" என்றாள் அவள்.

"ஐயோ... அதுவும் வேண்டாங்க."

"சுடுதண்ணியாவது?"

"எதுவுமே வேண்டாங்க. மன்னிச்சுக்கோங்க."

உள்ளேயிருந்து அம்மா தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்: "நடுங்கிக்கிட்டு நிக்கிறான், சூடா டீ குடுத்தா வேண்டாங்கிறான். இவன் சரியில்லைடி. பையைப் பத்திரமா வச்சுக்கோ."

மழை விட்டது. அவன் போனான். தெரு முனை வரை அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தேகத்தில்தான்... வேறெதிலும் இல்லை.

சந்தேகப்பட அவளுக்குக் காரணம் இருந்தது. எதிரே இருந்த அந்தச் சிறிய அரசு ஆஸ்பத்திரி முன்பெல்லாம் பகல் பன்னிரண்டு மணிக்கே பூட்டிவிடும். அந்தப் பகுதியில் இருப்பவர்கள் எல்லாம் வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் தையல் கம்பெனிக்கும் போகிறவர்கள். காலையில் டாக்டரைப் பார்க்கப் போனால் அன்றைய கூலி போச்சு. கூலி முக்கியம் என்று வேலைக்குப் போனால் சாயங்காலம் கதவில் பூட்டு. இரண்டு வருஷம் அவளும் தெருப் பெண்களும் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி, சாயங்காலம் ஐந்திலிருந்து எட்டு வரை கதவைத் திறக்க வைத்திருந்தார்கள். திறந்தார்கள்... ஆனால் போர்டில் மாலை நேரத்துக்குக் கீழே ஒரு வெள்ளைத் தாளையும் ஒட்டிவிட்டார்கள். 'சோதனை முறையில். ஆறு மாதங்களுக்கு மட்டும்.'

ஐந்து மாதம் ஓடிவிட்டது. தெரு முனையில் ஒரு தனியார் கிளினிக் இருந்தது. மாலை நேரத்தில் அங்கே கூட்டம் குறைந்துபோனதில் அந்த முதலாளிக்கு ஏக வருத்தம். மேலே யார் யாரையோ பார்த்துப் பேசுகிறார் என்று கேள்வி. ஆகவே, அந்த போர்டைப் போட்டோ எடுக்கிற எவனும் அவளுக்கு வேண்டப்பட்டவனாக இருக்க முடியாது.

ஒரே நம்பிக்கை, விருது. வறுமையில் இருக்கிற மக்கள் தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே முன்னால் நின்று கேட்டு வாங்கினால், அப்படிப்பட்ட குழுக்களைத் தேடிப் பிடித்து ஒரு அறக்கட்டளை வருஷா வருஷம் விருது கொடுத்தது. இவர்கள் விண்ணப்பம் போட்டு, கடைசிச் சுற்றின் ஐந்து குழுக்களில் ஒன்றாக வந்துவிட்டார்கள். பத்திரிகையில் படம் வந்துவிட்டால் அந்தக் கதவைச் சாத்த எந்த அதிகாரிக்கும் கை வராது. 'எங்கள் மதிப்பீட்டாளர் நேரில் வருவார்' என்று கடிதம் வந்திருந்தது. என்றைக்கு என்று மட்டும் போடவில்லை.

நான்காம் நாள் அவன் மறுபடி வந்தான்.

கடையில் காஜா எடுத்து பட்டன் தைக்கிற பெண்ணை எல்லோரும் 'பட்டன்' என்றுதான் கூப்பிடுவார்கள். வாசல் பெஞ்சில் அவன் உட்காரப் போனதும் அவள்தான் பாய்ந்தாள். "சார் சார்... அங்க உட்காராதீங்க. அது விருதுக்காரங்க வந்தா உட்கார வைக்கத் துடைச்சு வச்சிருக்கோம். அந்த ஸ்டூல்ல உட்காருங்க."

அவன் ஒரு மாதிரி விழித்துவிட்டு, மூன்று காலில் ஆடிய ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"வீடு கிடைச்சுதா?" என்றாள் தையல்காரி, தலை நிமிராமல்.

"பார்த்துக்கிட்டிருக்கேன். சட்டையில ஒரு பட்டன் போயிடுச்சு, அதான்..." சட்டையை நீட்டினான். "சாயங்காலம் ஆஸ்பத்திரியில கூட்டம் இருக்குமா? டாக்டர் நிஜமா வர்றாரா? இந்த ஏரியாவுக்கு யாரு இதைக் கேட்டு வாங்கினது?"

"பட்டன் தைக்க வந்தீங்களா, பேட்டி எடுக்க வந்தீங்களா?"

"சும்மா தெரிஞ்சுக்கத்தான்..."

"டீ?"

"வேண்டாங்க."

பட்டன் அவளைப் பார்த்தாள். அவள் பட்டனைப் பார்த்தாள். உள்ளே ஓவர்லாக் மெஷின் ஒரு தடவை நின்று மறுபடி ஓடியது.

பேச்சைத் தட்டிவிட்டாலும் அவள் கண் அவன் மேலேயே இருந்தது. அவன் கண்ணும்... ஆனால் அவன் பார்த்தது வேறு. அவன்தான் அந்த மதிப்பீட்டாளன். இரண்டு தடவை சொல்லாமல் போய்ப் பார்க்க வேண்டும், மூன்றாம் தடவைதான் கடிதத்தைக் காட்ட வேண்டும், விண்ணப்பித்தவர்கள் கையால் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்பது அறக்கட்டளையின் விதி. மூன்று வருஷ வேலையில் அவன் பார்க்காதது இல்லை. அவன் வருவதற்கு முந்தின நாள் தோண்டின கிணறு பார்த்திருக்கிறான். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் இரவல் வாங்கி அடுக்கிய நூலகம் பார்த்திருக்கிறான். தாங்கள் உறுப்பினர் என்பதே தெரியாத உறுப்பினர்கள் நூறு பேரைப் பார்த்திருக்கிறான். அதிலிருந்து, யாரைப் பற்றியாவது நல்லதாகக் கேள்விப்பட்டாலே எங்கே இடிக்கிறது என்று தேடுகிற புத்தி வந்துவிட்டது.

இங்கேயும் இடித்தது. விண்ணப்பத்தோடு இணைத்திருந்த, பூட்டைப் பார்த்துத் திரும்பியவர்களைக் குறித்த நோட்டுப் பக்கங்களின் நகலில் எல்லாமே ஒரே கையெழுத்து. ஊரே சேர்ந்து செய்ததா, ஒருத்தி உட்கார்ந்து எழுதிய கதையா? ஆஸ்பத்திரி வாசலைக் காவல்காரி மாதிரி இவள் ஏன் காக்கிறாள்? இதில் இவளுக்கு என்ன லாபம்? கேள்வி எல்லாம் சரிதான். ஆனால், ஊசியில் நூல் கோக்கும்போது அவள் ஒற்றைக் கண்ணைச் சுருக்கியதைப் பார்த்ததும் அடுத்த கேள்வி மறந்து போனதே... அதுதான் அவனுக்கு விளங்கவில்லை.

பட்டனைத் தைத்து வாங்கிக்கொண்டு, கூலியை வைத்துவிட்டு அவன் தெருவில் இறங்கியதுமே பட்டன் குசுகுசுத்தாள்: "அக்கா... அந்த நூலைப் பார்த்தீங்களா? இழுத்துப் பிஞ்சிருந்தா நுனி பிசிறு பிசிறா இருக்கும். இது சரக்குனு வெட்டியிருக்கு. பிளேடு போட்டு அறுத்துட்டு வந்திருக்கான்!"

அவளுக்குச் சுருக்கென்றது. நல்ல பட்டனை யாராவது அறுப்பார்களா? உள்ளே வர ஒரு சாக்கு வேண்டும் என்றால் அறுப்பார்கள்.

"முக்குக் கிளினிக் ஆளுதான்" என்று பட்டன் அடித்துச் சொன்னாள். அன்றிலிருந்து தெருவில் அவனுக்குப் பெயர் 'டீ வேண்டாம்'. "டீ வேண்டாம் இன்னிக்கு வந்துச்சா?" என்று குழாயடியில்கூட விசாரித்தார்கள்.

அவள் மட்டும் அந்தப் பெயரைச் சொல்லிச் சிரிக்கவில்லை. வெட்டிய நூல் துண்டைத் தூக்கிப் போடாமல் ஊசி டப்பாவுக்குள் போட்டு வைத்தாள். சாட்சியாம்!

மூன்றாம் முறை அவன் வந்த அன்றும் மழை. ஸ்டூலில் உட்காரவில்லை, நின்றான். பையிலிருந்து உறை ஒன்றை எடுத்து நீட்டினான். முத்திரை போட்ட அறக்கட்டளைக் கடிதம், அவன் படத்தோடு.

அவள் படித்தாள். மறுபடி படித்தாள். முகம் சிவந்தது.

"அப்ப... வீடு?"

"பொய்ங்க."

"பட்டன்?"

"நான்தான்... பிளேடால..."

"தெரியும்!" உள்ளேயிருந்து பட்டன் கத்தினாள்.

"எங்களைச் சோதிக்க வந்தீங்க" என்றாள் அவள் மெதுவாக. "சோதிங்க, அது உங்க வேலை. நாங்கதான் விண்ணப்பம் போட்டோம். ஆனா அந்த வீடு... எங்கம்மா உங்களைத் திருடன்னு சொன்னாங்க இல்ல? அதே அம்மா, இந்த இரைப்போட நாலு தெரு நடந்து உங்களுக்கு நாலு வீடு விசாரிச்சு வச்சிருக்காங்க. அதுல ஒண்ணுல ஜன்னல் மேற்குப் பக்கம், வெயில் அடிக்கும், வேண்டாம்னு நான்கூட..." நிறுத்திக்கொண்டாள். உதட்டைக் கடித்தாள். "நோட்டு அலமாரியில இருக்கு. எடுத்துப் பார்த்துட்டுக் கிளம்புங்க."

தலை குனிந்தபடி நோட்டை எடுத்தான். நீளமான, அட்டை கிழிந்த மூன்று நோட்டுகள். மேலே பெரிய எழுத்தில் 'திரும்பிப் போனவர்கள்' என்று எழுதியிருந்தது. உள்ளே கட்டம் கட்டமாகக் கோடு. தேதி, யார், என்ன உபாதை, வந்த நேரம், திரும்பிய நேரம்.

துடைத்து வைத்த பெஞ்சில் இப்போது அவனை உட்காரச் சொன்னார்கள். அவன் ஸ்டூலிலேயே உட்கார்ந்தான். பகல் ஒரு மணிக்கு ஆரம்பித்தான்.

'கொத்தனார். காலில் ஆணி. 5.40. பூட்டு. 5.45.' 'பால் பாக்கெட் அக்கா, கைக்குழந்தை. வயிற்றுப்போக்கு. 6.10. பூட்டு. 6.30.' 'தையல் கம்பெனி, மூன்று பேர். ஒரே காய்ச்சல்.' பக்கம் பக்கமாக... பூட்டு, பூட்டு, பூட்டு.

"எல்லாம் ஒரே கையெழுத்தா இருக்கே" என்றான் கடைசியில். கேட்க வேண்டிய கேள்வி அது.

உள்ளே ஓவர்லாக் மெஷின் நின்றது. "நான் எழுதினதுதான்" என்றாள். "கடை எதிர்ல இருக்கு. பூட்டைப் பார்த்துட்டுத் திரும்புறவங்க இந்தச் சார்ப்பைத் தாண்டித்தான் போகணும். கூப்பிட்டு உட்கார வச்சு, கேட்டு எழுதினேன். பாதிப் பேருக்கு எழுத வராது. மீதிப் பேருக்கு உடம்பு சரியில்லை. காய்ச்சல்காரன் கையில பேனாவைக் குடுத்து, அழகா எழுதுடான்னு சொல்லச் சொல்றீங்களா?"

"அப்படி இல்லீங்க..."

"பொய்யின்னு தோணினா பொய்யின்னு எழுதிக்கோங்க. வெட்டின பட்டனைப் பிஞ்ச பட்டன்னு சொல்ற ஆளு நான் இல்லை."

அவன் மறுபடி குனிந்தான். அடுத்த பக்கத்தைத் திருப்பினான். அப்போதுதான் அதைக் கவனித்தான். தேதி மட்டும் இருந்தது. கட்டங்கள் காலி. குறுக்கே ஒரே வரி: 'இன்று யாரும் வரவில்லை.'

இரண்டு பக்கம் தள்ளி மறுபடியும். 'இன்று யாரும் வரவில்லை.' வேறொரு நாள், 'நான் கடை திறக்கவில்லை. தெரியாது.' விரல் வைத்து எண்ணினான். பத்தொன்பது நாள் யாரும் வரவில்லை. ஆறு நாள் தெரியாது.

கிணற்றை ராத்திரியோடு ராத்திரியாகத் தோண்டுகிறவர்கள் யாரும், தண்ணீர் வராத நாளையும் குறித்து வைக்க மாட்டார்கள். கதை கட்டுகிறவள் இந்த இருபத்தைந்து நாளையும் கூட்டமாக நிரப்பியிருப்பாள். மூன்று வருஷமாக அவன் எங்கெங்கோ தேடிச் சலித்த ஒன்று, கிழிந்த அட்டைக்குள்ளே நீல மையில் இருந்தது.

முதல் நோட்டின் முதல் பக்கத்துக்குப் போனான். முதல் வரி: 'அம்மா. மூச்சுத்திணறல். 12.20. பூட்டு. 1.50.'

"ஒன்றரை மணி நேரம் நின்னீங்களா?"

"யாராவது வந்து திறப்பாங்கன்னு..." அவள் குரல் இறங்கியது. "அன்னிக்குத்தான் நோட்டு வாங்கினேன்."

"அம்மா இப்ப..."

"உள்ளதான் இருக்காங்க. ஓவர்லாக் மெஷினை நிறுத்திட்டு நாம பேசுறதைக் கேட்டுக்கிட்டிருக்காங்க."

மெஷின் சடாரென்று ஓடத் தொடங்கியது. இருவருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்தது. சிரித்தபடியே நிமிர்ந்தார்கள்... கண்கள் நேருக்கு நேர் மோதின. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவன் பார்வையில் அந்த முதல் நாள் குறுகுறுப்பு இல்லை. ஏதோ மனம் கசிந்தவன் மாதிரி பார்த்தான். அவள்தான் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"டீ..." என்று ஆரம்பித்து, "வேண்டாம்னு சொல்வீங்க" என்று அவளே முடித்தாள்.

"சொல்லியாகணும்ங்க" என்றான். அவன் குரலில் அவ்வளவு வருத்தம் இருந்தது. ஒரு டீக்கு இவ்வளவு வருத்தமா என்று மறுபடி சந்தேகம் வந்தது அவளுக்கு.

அதற்குப் பிறகு அவன் வரவில்லை. ஒரு வாரம் போயிற்று. ஒன்பதாம் நாள், கண்ணாடி போட்ட, சிரிக்காத ஒரு அம்மாள் அதே மாதிரிக் கடிதத்தோடு வந்து நின்றார். "முன்னாடி வந்தவர் இந்த மதிப்பீட்டிலிருந்து விலகிட்டார். அவர் குறிப்பு எதுவும் செல்லாது. நான் முதல்லேருந்து பார்க்கணும். ரெண்டு தடவை சொல்லாம வந்துட்டுப் போயாச்சு."

"விலகிட்டாரா? ஏன்?"

"அதை இப்ப சொல்ல விதி இல்லைம்மா."

ஏன் விலக வேண்டும்? என்ன தப்பு கண்டான்? 'தெரியாது' என்று எழுதினது தப்பா? நோட்டு பொய் என்று சொல்லிவிட்டானா? மாதக் கடைசிக்குப் பத்து நாள்தான் இருந்தது. பத்து நாளில் தாளில் போட்ட கெடு முடிந்துவிடும்.

"நான் அப்பவே சொன்னேன்கா" என்றாள் பட்டன். "முக்குக் கிளினிக்காரன் ஆளை வாங்கிட்டான்."

"சும்மா இரு."

"உங்களுக்கு எதுக்குக் கோவம் வருது? அவனைச் சொன்னா..."

"சும்மா இருன்னு சொன்னேன்ல!"

அன்று சாயங்காலம் ஒரு ஜாக்கெட்டில் இடது கையை வலது பக்கமும் வலது கையை இடது பக்கமும் வைத்துத் தைத்துவிட்டாள். பதினோரு வருஷத் தொழிலில் நடக்காதது. பிரித்துக்கொண்டே இருந்தாள்... கண் மறைத்தது. சிரித்தானே, அதுவும் பொய்யா? அந்தக் கன்னக்குழியும் பிளேடு போட்டு வெட்டிக்கொண்டு வந்ததா? ஆஸ்பத்திரி மூடிவிடுமே என்று அழுகிறோமா, அவன் ஏமாற்றிவிட்டானே என்று அழுகிறோமா என்று அவளுக்கே பிடிபடவில்லை. அம்மா உள்ளேயிருந்து வந்து, ஒன்றும் கேட்காமல், ஜாக்கெட்டை வாங்கி மீதியைப் பிரித்துக் கொடுத்தாள்.

சிரிக்காத அம்மாள் இரண்டு நாள் ஆஸ்பத்திரி வரிசையில் நின்றார். கொத்தனாரிடம் பேசினார், பால் பாக்கெட் அக்காவிடம் பேசினார். மூன்று நோட்டையும் ஒரு பக்கம் விடாமல் படித்தார். டீ வேண்டாம் என்றார். போய்விட்டார்.

கெடுவுக்கு மூன்று நாள் முன்னால் போன் வந்தது. விருது அவர்களுக்குத்தான்.

கெடு முடிய ஒரு நாள் இருக்கும்போது விழா, ஒரு சின்ன அரங்கில். தெருவே கிளம்பி வந்திருந்தது. மேடையில் சுகாதாரத் துறைப் பெரிய அதிகாரி உட்கார்ந்திருந்தார். கேடயத்தை அவள் ஒருத்தியாக வாங்க மாட்டேன் என்று சொல்லி, பட்டனையும் கொத்தனாரையும் இன்னும் ஏழு பேரையும் மேடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஒலிபெருக்கியைக் கையில் கொடுத்தார்கள். எழுதி வைத்திருந்ததெல்லாம் மறந்து போயிற்று.

"எங்க ஆஸ்பத்திரி போர்டுல ஒரு தாள் ஒட்டியிருக்கு சார்" என்றாள் அதிகாரியைப் பார்த்து. "ஆறு மாதங்களுக்கு மட்டும்னு. எங்களுக்குக் காய்ச்சல் அப்படிக் கணக்கு வச்சுக்கிட்டு வர்றதில்லை. அந்தத் தாளை எடுத்துடலாமா சார்?"

அரங்கம் சிரித்தது. கேமராக்கள் எல்லாம் அதிகாரி பக்கம் திரும்பின. அவர் ஒரு நிமிஷம் யோசித்தார். "நாளைக்குக் காலையில ஆர்டர் வரும். தாளை நீங்களே எடுத்துடுங்கம்மா" என்றார். கைதட்டலில் பட்டன் அழுதே விட்டாள்.

கீழே இறங்கி வந்ததும் அவள் நேராகச் சிரிக்காத அம்மாளிடம்தான் போனாள். ஜெயித்த பிறகும் நெஞ்சில் முள் ஒன்று இருந்ததே...

"இப்பவாவது சொல்லுங்க. அவரு எங்ககிட்ட என்ன தப்பு கண்டாரு?"

அம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தார். கைப்பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். "முடிவு வந்த பிறகு விண்ணப்பதாரர் கேட்டா காட்டலாம்னு விதி இருக்கு. நீ கேட்டே. நான் காட்டுறேன்."

அச்சடித்த கேள்வி: 'விண்ணப்பித்த குழுவில் எவருடனாவது உங்களுக்கு உறவோ நட்போ உண்டா? இருப்பின் விவரம்.'

அதற்குக் கீழே அவன் கையெழுத்தில்: 'உறவு, இன்னும் இல்லை. குழுவின் தையல்காரரை எனக்குப் பிடித்துவிட்டது. அவருக்கு என்னைப் பிடிக்காது, அது வேறு. இனி நான் எழுதுவது எதுவும் நடுநிலையாக இருக்காது. நான் நல்லதாக எழுதினால் அவர்கள் நியாயமாக ஜெயித்ததும் கெட்டுவிடும். வேறொருவரை அனுப்புங்கள். அந்த நோட்டை மட்டும் முழுக்கப் படிக்கச் சொல்லுங்கள்.'

எழுத்துகள் கலங்கின. மறுபடி படித்தாள். "இதுக்காகவா... இதுக்காகவா வராம இருந்தாரு?"

"முடிவை மேடையில அறிவிக்கிற வரைக்கும் உங்க தெருவுல அவர் கால் வைக்கக் கூடாது. அதுவும் விதி" என்றார் அம்மாள். பிறகு, அதுவரை யாரும் பார்த்திராத விதமாக, கொஞ்சம் சிரித்தார். "இன்னிக்கு அறிவிச்சாச்சு."

மறுநாள் காலையில் ஆர்டர் வந்தது. அவளும் பட்டனும் நாற்காலி போட்டு ஏறி, ஈரத்துணியால் ஊற வைத்து, அந்த வெள்ளைத் தாளைச் சுரண்டி எடுத்தார்கள்.

சாயங்காலம் மழை பிடித்தது. ஐந்து மணி ஆயிற்று... ஐந்தரை ஆயிற்று. மெஷினில் உட்கார்ந்திருந்தாளே தவிர ஒரு தையல் ஓடவில்லை. தெருவில் யார் நடந்தாலும் நிமிர்ந்தாள். வர மாட்டான். எழுதுவது சுலபம். எத்தனை பேருக்கு இப்படி எழுதிக் கொடுத்தானோ... பாழும் சந்தேகம் போவேனா என்றது.

ஆறு மணி சுமாருக்கு எதிரே ஆஸ்பத்திரி வாசலிலிருந்து ஒருவன் வெளியே வந்தான். கையில் மாத்திரைப் பொட்டலம். கழுத்தைச் சுற்றித் துண்டு. மூக்கு சிவந்திருந்தது.

அவன்தான்! குடைக் கூட்டத்தோடு எப்போது உள்ளே போனானோ... அவள் எழுந்தே விட்டாள். எழுந்ததை மறைக்கக் கத்தரிக்கோலைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"இப்ப என்ன வேஷம்?" என்றாள், அவன் சார்ப்புக்குள் வந்ததும்.

"நிஜமாவே காய்ச்சல்ங்க. நீங்கதானே சொன்னீங்க, காய்ச்சல்காரன்னா உள்ள போவான்னு." தும்மினான். "இருபத்திரண்டாவது டோக்கன். டாக்டர் நிஜமா வர்றாரு."

"சீட்டைக் காட்டுங்க."

காட்டினான். வாங்கி, இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்தாள். தேதி, முத்திரை, எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

"படிவத்தைப் படிச்சேன்" என்றாள், சீட்டைப் பார்த்தபடியே.

அவன் முகம் காய்ச்சலைவிடச் சிவந்தது. "அந்தம்மா காட்டிட்டாங்களா..."

"அதுல ஒண்ணு தப்பா எழுதியிருக்கீங்க."

"எது?"

"'அவருக்கு என்னைப் பிடிக்காது'ன்னு... கேட்டுட்டு எழுதியிருக்கலாம்ல? நான் ஒவ்வொருத்தர்கிட்டயும் கேட்டுத்தானே எழுதினேன்?"

அவன் அவளைப் பார்த்தான். அவள் கத்தரிக்கோலைப் பார்த்தாள். மழை பெய்துகொண்டே இருந்தது.

"இப்ப கேக்கட்டுமா?" என்றான் மெதுவாக. "உங்களுக்கு ஆளை நம்பச் சிரமம்னு தெரியும். எனக்கும் அதே வியாதிதான். அதனால... சோதனை முறையில, ஆறு மாசத்துக்கு மட்டும்..."

"அந்தத் தாளைக் காலையிலதான் சுரண்டி எடுத்தோம்" என்றாள் அவள். "இன்னொண்ணு ஒட்ட விட மாட்டேன். நிரந்தரம்னா உட்காருங்க. இல்லைன்னா மழை விட்டதும் கிளம்பலாம்."

அவன் உட்கார்ந்தான். ஸ்டூலில் இல்லை, பெஞ்சில்.

பிளாஸ்க்கைத் திறந்து டீயை ஊற்றினாள். அவன் வாங்கிக் குடித்தான். உள்ளே ஓவர்லாக் மெஷின் நின்றது.

"குடிச்சிட்டானா?" என்றது அம்மாவின் குரல்.

"குடிச்சிட்டாரும்மா."

"இன்னொண்ணு குடு. ரெண்டு நாள் பாக்கி இருக்கு."

அவன் இரண்டாவது டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு இருமலும் சிரிப்புமாகத் திணறினான். இடது கன்னத்தில் குழி விழுந்தது. அது நிஜம்தான்... இவ்வளவு பக்கத்தில் பார்த்தால் தெரியாதா என்ன?

"பிடிச்சிருக்கு" என்றாள் அவள். "அன்னிக்கு வெட்டின நூலைக்கூட டப்பாவுல எடுத்து வச்சிருக்கேன். சாட்சிக்குன்னு சொல்லிக்கிட்டேன். பொய். நானும் ஒரு பொய் சொன்னேன்."

அலமாரியிலிருந்து மூன்றாவது நோட்டை எடுத்தாள். ஆறு மாதத்துக்கு முன், சாயங்காலம் கதவு திறந்ததும் நிறுத்திய இடத்தில், கடைசிப் பக்கத்தில், தேதி போட்டு எழுதினாள். 'வீடு தேடி வந்தவர். காய்ச்சல். 6.05.' கடைசிக் கட்டத்தில் பேனாவை வைத்து, அவன் பக்கம் திரும்பினாள்.

"திரும்பிய நேரம்?" என்றாள்.

"திரும்பலைங்க" என்றான் அவன்.

அவள் அதை அப்படியே எழுதிக்கொண்டாள்.